கரையேறும் வள்ளம்

அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ பிறந்து வளர்ந்த ஒருவரிடம் படகுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அவர் முதலில் சிரிப்பார். பிறகு, "குடிக்கத் தண்ணீருக்கு வழி சொல்லுங்கள், படகு அப்புறம் விடலாம்" என்பார். அவர் சொல்வதில் தவறொன்றும் இல்லை. வருஷத்தில் பத்து மாதம் வானத்தை அண்ணாந்து பார்ப்பதும், மிஞ்சிய இரண்டு மாதம் கண்மாய்க் கரையைக் குனிந்து பார்ப்பதுமாகக் காலம் கழிக்கும் சீமை இது. பாய்மரம், சுக்கான், நங்கூரம் என்ற சொற்களெல்லாம் நம் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தோடு சரி. ஆயினும், கடலுக்கும் நமக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது என்பதை நேயர்களுக்கு எடுத்துச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

கரிசலும் கடலும்

1985-ஆம் ஆண்டு வரையில் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவையாகவே இருந்தன. அந்த ஆண்டில் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோதுதான், கடலைத் தென்கிழக்கே இருந்த சகோதரர்களிடம் விட்டுவிட்டு, கரிசலை நாம் எடுத்துக்கொண்டோம். பாகப் பிரிவினை காகிதத்தில் நடந்தது. இயற்கை அதை ஒப்புக்கொள்ளவில்லை. திருச்சுழியைத் தொட்டுச் செல்லும் குண்டாறு, கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கமாக இறங்கி, மூக்கையூரை ஒட்டி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. பெரும்பாலான மாதங்களில் அதில் ஓடுவது மணல்தான். எனினும், ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை பெய்து, கண்மாய்களெல்லாம் நிறைந்து மறுகால் பாய்ந்த பிறகு, நம் வயற்காட்டு வண்டல் கலந்த செந்நீர் கடலுக்குப் போய்ச் சேருகிறது. பூமிநாத சுவாமி கோவில் கோபுரத்தின் நிழலைக் கண்ட அதே நீரைச் சில நாட்களில் ஒரு வள்ளத்தின் அடிப்பலகை காண்கிறது.

இதைவிட முக்கியமான உறவு ஒன்றும் உண்டு. அது பருத்தி. கரிசல் மண்ணில் மானாவாரியாக விளையும் கருங்கண்ணிப் பருத்திக்கும் நெசவுக்கும் பேர் போன ஊர்ப்புறம் நம்முடையது. பாய்மரக் கப்பல்களின் காலத்தில் பாய் தைத்தது பருத்தித் துணியில். பலகைகளின் இடுக்கை அடைத்ததும் பருத்திப் பஞ்சினால். போதாக்குறைக்கு, படகின் விலா எலும்பாகிய வங்குக்கு, கண்மாய் உட்புறத்தில் கோணலாக வளர்ந்து நிற்கும் நாட்டுக் கருவேல மரத்தைவிட உகந்த மரம் கிடையாது. வளைந்த மரத்தை வெட்டி வளைந்த இடத்தில் பொருத்துவதே தச்சரின் சாமர்த்தியம். நேராக வளராததற்காக நாம் ஏளனம் செய்யும் மரம் கடலில் போய் உயிர்களைத் தாங்குகிறது! இப்போது கண்மாய்களைச் சீமைக் கருவேலம் ஆக்கிரமித்துக்கொண்டு விட்டபடியால், பழைய நாட்டுக் கருவேலத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆண் கடலும் பெண் கடலும்

மேல்நாட்டாருக்கு வருஷத்தில் நான்கு பருவங்கள். நம் முன்னோருக்கு ஆறு. கடற்கரைவாசியைக் கேட்டால், அவருக்குப் பருவங்களே இல்லை, காற்றுகள்தான் உண்டு. வைகாசி முதல் ஆவணி வரையில் தென்மேற்கிலிருந்து அடிப்பது கச்சான்; ஐப்பசிக்குப் பின் வடகிழக்கிலிருந்து வருவது வாடை; கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல். வீட்டில் திருமண நாள் குறிப்பது முதல் கடன் திருப்புவது வரையில் எல்லாம் இந்தக் காற்றுகளின் பஞ்சாங்கப்படியே நடைபெறும்.

இராமேசுவரம் தீவில் ஓர் அழகான வழக்கு இருக்கிறது. தீவுக்குத் தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், வடக்கே உள்ள பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் அங்குள்ளோர் அழைக்கிறார்கள். தெற்கே அலை பெரிது, ஆழமும் அதிகம். வடக்கே நீர் ஆழமற்றது, பெரும்பாலும் அமைதியானது. ஆனால் பெண் கடலுக்குக் கோபமே வராது என்று எண்ணிவிடக் கூடாது. கச்சான் காலத்தில் ஆண் கடல் கொந்தளிக்கும்போது பெண் கடல் பதுங்கிக் கிடக்கும். வாடைக் காலம் வந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். அதனால் அத்தீவின் மீனவர்கள் காற்று மாறும்போது படகுகளை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றிக்கொள்வார்கள். ஒருவர் சினந்தால் மற்றவர் பொறுப்பது என்ற இல்லற தர்மத்தைக் கடலும் கைக்கொண்டிருக்கிறது போலும்!

இந்த இரண்டு காற்றுகளுக்கும் நடுவே, கச்சான் ஓய்ந்து வாடை எழாத ஒரு சிறு இடைவெளி உண்டு. அது ஏறக்குறையப் புரட்டாசி மாதம். மேல்நாட்டார் இலையுதிர் காலம் என்று சொல்லும் அதே நாட்கள்தாம். அப்போது மன்னார் வளைகுடா, அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பால் போல ஆடாமல் அசையாமல் கிடக்கும். கண்ணுக்கு இனிய காட்சி. கருத்துக்கு ஓர் எச்சரிக்கை. ஏனெனில் அதற்கு அடுத்து வருவது புயல் மாதம்.

தம்பதியர் இருவர்

சென்ற ஆண்டு புரட்டாசியில், காலாண்டுப் பரீட்சை விடுமுறையை ஒட்டி, நாம் குடும்ப சகிதமாகச் சாயல்குடிக்குத் தெற்கேயுள்ள ஒரு கடற்கரைச் சிற்றூருக்குப் போயிருந்தோம். கரையில் நின்ற படகுகளில் பெரும்பாலானவை கண்ணாடி நாரிழையில் செய்து எஞ்சின் பூட்டியவை. அவற்றின் நடுவே, அணியத்தில் "ஆரோக்கிய மாதா" என்று எழுதிய ஒரு பழைய மர வள்ளம் மட்டும் பாயோடு நின்றது. அதன் சொந்தக்காரர் அறுபது வயதைக் கடந்தவர். அவருடைய துணை யார் என்று விசாரித்தபோது, வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த மனைவியைக் காட்டினார்.

"மகன்மார் ரெண்டு பேரும் எஞ்சின் படகுல போறாங்க ஐயா. எங்க ரெண்டு பேருக்கும் இது போதும். நண்டு வலை போடுறோம், எடுக்குறோம். டீசலுக்குக் கடன் இல்ல பாருங்க" என்றார் அவர்.

"இவுக பாய் பிடிப்பாக, சுக்கான் என் கையில. திருப்புன்னு இவுக சொல்லுறதுக்கு முன்னால நான் திருப்பிருவேன் அம்மா" என்று அந்த அம்மாள் நம் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார்.

விடியற்காலம் மூன்று மணிக்குத் தரைக்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அதில் பாய் விரித்துப் போவார்கள். முற்பகலில் காற்றுத் திரும்பிக் கடலிலிருந்து கரைக்கு வீசும். அதில் பாய் விரித்துத் திரும்புவார்கள். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்கிறது, பகலில் சீக்கிரம் சூடேறுகிறது என்று வகுப்பில் நாம் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிற பாடத்தை, அவ்விருவரும் நாள்தோறும் காசு செலவில்லாமல் நடத்திக் காட்டுகிறார்கள். கரையைக் கண்பார்வையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள். மாதா கோவில் உச்சிச் சிலுவையும் ஒரு பனைக் கூட்டமும் ஒரே நேர்கோட்டில் வந்தால் அங்கே வலை போடுவார்கள்.

இந்த உலாவெல்லாம் எத்தனை நாளைக்கு என்று கேட்டோம். "ஐப்பசி பாதி வரைக்கும்தான் ஐயா. அதுக்குப் பெறகு கடல் கூப்பிட்டாலும் நாங்க போறதில்ல. வள்ளத்தைக் கரையேத்திருவோம். தை பொறந்துதான் எறக்குறது" என்றார் பெரியவர். அந்த மூன்று மாதம் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று நம் மனைவி கேட்டதற்கு, அந்த அம்மாள் தம் மடியைத் தட்டிக் காட்டினார். புரட்டாசியில் விற்கும் நண்டில் நாளுக்கு இவ்வளவு என்று தனியாக முடிந்து வைக்கும் பணம் அது. அதில் ஒரு பங்கு அரிசிக்கு, ஒரு பங்கு வள்ளத்துக்கு. "அரிசிக் காசத் தொட்டாலும் தொடுவேன், வள்ளத்துக் காசத் தொட விடமாட்டேன்" என்று அவர் சொன்னதில் ஒரு நிதி மந்திரியின் கண்டிப்பு இருந்தது.

கரையேற்றும் முறை

வள்ளத்தைக் கரையேற்றுவது என்றால் மணலில் இழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதல்ல. அதில் ஒரு வரிசை முறை உண்டு. ஒன்றை விட்டாலும் மற்றவை வீண்.

முதலாவது, இடம். பௌர்ணமி, அமாவாசை ஓதங்களில் நீர் எட்டும் கோட்டுக்கு வெகு மேலே, காற்று நேராக அடிக்காத பக்கமாகப் பார்க்க வேண்டும். வள்ளத்தை உருட்டுக் கட்டைகள் மேல் ஏற்றி, ஊரார் பத்துப் பேர் கைகொடுத்து இழுப்பார்கள். இன்று அவருக்கு நாம், நாளை நமக்கு அவர் என்பது கணக்கு. ஏரா எனப்படும் அடிமரம் மணலில் படியாதபடி கட்டைகளின்மேல் நிறுத்தி, இருபுறமும் முட்டுக் கொடுப்பார்கள். மணலில் படிந்தால் ஈரம் தங்கும். ஈரம் தங்கினால் மரம் உளுத்துவிடும்.

இரண்டாவது, சுத்தம். நீரில் கிடந்த அடிப்பலகையில் பாசியும், சிப்பி போன்ற ஓட்டுயிர்களும் அப்பிக்கொண்டிருக்கும். அவற்றைச் சுரண்டாமல் விட்டால், வள்ளம் கனத்து ஓட்டம் குறையும். அவற்றைவிடக் கொடியது மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு. வெளியே குண்டூசி முனையளவு துவாரம்தான் தெரியும். உள்ளேயோ பலகை தேன்கூடு போலாகியிருக்கும். பழைய நாளில் ஓலைத் தீயைப் பலகையின் அடியில் இதமாகக் காட்டி, புழுவையும் பாசியையும் ஒழிப்பார்கள். நன்னீரில் கழுவுவதும் வெயிலில் காயவிடுவதும் அதன் பின்னர்.

மூன்றாவது, இடுக்கு அடைத்தல். இதற்குக் கலப்பற்று என்று பெயர். பஞ்சைத் திரியாகத் திரித்து, மழுங்கிய உளியை வைத்து, மரச் சுத்தியால் அடித்துப் பலகைக்கும் பலகைக்கும் நடுவே புகுத்துவார்கள். அதன்மேல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். பஞ்சு நீரில் ஊறி உப்பும்போது இடுக்கு இன்னும் இறுகுகிறது. பகைவனாகிய நீரையே காவற்காரனாக்கும் தந்திரம் இது. நம் ஊர்ப் பஞ்சு இங்கேதான் தன் வேலையைச் செய்கிறது. பனிச்சங்காயின் சாற்றை வலைக்கும் இடுக்குக்கும் ஏற்றுவதும், மீன் எண்ணெயைப் பலகை முழுவதும் தடவுவதும் முற்காலத்து வழக்கங்கள்.

இவ்வித்தை நேற்று வந்ததல்ல. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்து காயல் துறையைப் பற்றி எழுதி வைத்த மார்க்கோ போலோ, இந்தியக் கடலுக்கு வந்துபோன பெரிய சீனக் கப்பல்களைப் பற்றியும் குறித்திருக்கிறார். சுண்ணாம்பையும் நறுக்கிய சணலையும் ஒருவகை மர எண்ணெயோடு சேர்த்து இடித்து இடுக்குகளில் பூசினார்களாம். ஒரு வருஷம் ஓடிய கப்பலுக்குப் பழுது பார்க்கும்போது, பழைய பலகையின்மேல் புதிதாக ஓர் அடுக்குப் பலகையை அறைவார்களாம். இப்படி ஆறு அடுக்கு வரையில் போகுமாம். வருஷந்தோறும் ஒரு சட்டை! அதற்குமேல் சட்டை போட இடமில்லாதபோது கப்பலுக்கு வயதாகிவிட்டது என்று பொருள்.

நான்காவது, பாயும் கயிறும். உப்பு நீர் பட்ட பாயை அப்படியே மடித்து வைத்தால் பூசணம் பிடிக்கும். நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்தி, கிழிந்ததைத் தைத்து, எலி எட்டாத இடத்தில் தொங்கவிட வேண்டும். இந்த நான்காம் வேலை முழுவதும் அந்த அம்மாளுடையது. பாயைத் தைக்கும் தையல் எவ்வளவு நெருக்கம் என்பதை நம் மனைவி விரலால் தொட்டுப் பார்த்து வியந்தார்.

கட்டுமரத்துக்கோ இத்தனை சடங்கு இல்லை. கடலிலிருந்து வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே வெயிலில் போட்டுவிடுவார்கள். ஊறிய மரம் காய்ந்தால்தான் மறுநாள் மிதக்கும். அதற்குத் தினந்தோறும் ஓய்வு; வள்ளத்துக்கு வருஷந்தோறும் ஓய்வு.

பனி நாட்டு வழக்கம்

மேல்நாடுகளில் பொழுதுபோக்குக்காகவே சிறு பாய்ப்படகு வைத்திருக்கும் தம்பதிகள் ஏராளம். அவர்களுக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் வருஷத்தின் கடைசி உலாக் காலம். காட்டு மரங்கள் பொன்னிறமாகும் அந்த நாட்களில் சனி, ஞாயிறுகளில் ஏரியிலும் கடற்கழியிலும் ஓட்டிவிட்டு, பனி விழுமுன் படகைப் பளுதூக்கியால் கரையேற்றி விடுவார்கள். நமக்குப் பயம் புயல். அவர்களுக்குப் பயம் பனிக்கட்டி. நீர் உறையும்போது சுமார் நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கிறது. எஞ்சின் குழாயில் ஒரு டம்ளர் நீர் தங்கியிருந்தாலும் அது உறைந்து இரும்பைப் பிளந்துவிடும். ஆகையால் குழாய்களை வடித்து, உறையாத திரவத்தை நிரப்பி, பாய்களை அலசிக் காயவைத்து, மெத்தைகளைக் காற்றாட நிமிர்த்தி வைத்து, மேலே தார்ப்பாயால் மூடுவார்கள். சித்திரை, வைகாசி வாக்கில்தான் மறுபடி இறக்குவது. சூழ்நிலை வேறு, சாமான்கள் வேறு. வரிசை முறையோ நம் சாயல்குடிக் கரையில் கண்டதேதான்.

அத்தகைய தம்பதிகளில் சிலர் உலகப் புகழ் பெற்றிருக்கிறார்கள். எரிக் ஹிஸ்காக், சூசன் ஹிஸ்காக் என்ற ஆங்கிலேயத் தம்பதியர் 30 அடி நீளமுள்ள "வாண்டரர் 3" என்ற படகில் 1952 முதல் 1955 வரையில் உலகைச் சுற்றி வந்தார்கள். கணவருக்குக் கண்பார்வை மிகவும் குறைவு என்பது இதில் விசேஷம். அமெரிக்காவில் லின் பார்டி, லாரி பார்டி என்ற தம்பதியர் 24 அடிப் படகொன்றைத் தம் கையாலேயே கட்டி, எஞ்சினே பூட்டாமல் உலகைச் சுற்றினார்கள். இவர்களெல்லாம் எழுதிய புத்தகங்களில், அலையோடு போராடிய வர்ணனைக்குச் சமமாகப் படகைப் பழுது பார்த்த விவரமும் நிறைந்திருக்கிறது. கடலை வெல்வது கரையிலே என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

இன்னொரு சங்கதி. இரண்டு உடல்களை இணைத்த பாய்ப்படகை மேல்நாட்டார் "கட்டமரான்" என்கிறார்கள். சொல் நம்முடைய கட்டுமரம்தான். அமைப்பு மட்டும் பசிபிக் தீவுவாசிகளுடையது. பெயரைத் தமிழனிடமும் உருவத்தைத் தீவுக்காரனிடமும் வாங்கிக்கொண்டு விலையை மட்டும் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

தவறினால் என்ன ஆகும்?

ஓய்வு, பழுது பார்த்தல் என்பவை சோம்பேறித்தனமோ அலங்காரமோ அல்ல. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி இரவு, மார்கழி மாதத்தில், ஒரு புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் வண்டி அலையில் அடித்துச் செல்லப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஓர் ஊரே இல்லாமற் போயிற்று. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் எழுந்தபோது, பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. திரும்பி வராதவர்கள் பலர். பாம்பனிலும் தூத்துக்குடியிலும் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஒன்றாம் எண்ணிலிருந்து பதினொன்றாம் எண் வரையில் உண்டு. பெரிய எண் ஏறிய பிறகு முட்டுக் கட்டை தேடுகிறவன் நிலைமை, வீடு பற்றிய பிறகு கிணறு தோண்டுகிறவன் நிலைமைதான்.

படகுக்கு ஓய்வு தேவையாயிருப்பது போலவே கடலுக்கும் ஓய்வு தேவை. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று தடை இருக்கிறது. 2017-க்கு முன்னர் இது 45 நாட்களாக இருந்தது. மீன்கள் முட்டையிட்டுப் பெருக விடுவது அதன் நோக்கம். அந்த நாட்களில் துறைமுகங்களுக்குப் போய்ப் பார்த்தால், கரையேறிய படகுகளில் தச்சர், கொல்லர், வர்ணம் பூசுவோர் ஆகியோரின் சந்தடி திருவிழாப் போலிருக்கும். ஆனால் அதே நாட்களில்தான் வீடுகளில் அடகுக் கடைச் சீட்டுகளும் சேர்கின்றன. அரசாங்கம் உதவித்தொகை தருகிறது. பழுது பார்க்கும் செலவோ பெரிது. ஓய்வின் பாரம் யார்மீது விழுகிறது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

சட்டம் சொல்லாமல் தாங்களாகவே ஓய்வு கொடுத்தவர்களும் உண்டு. பாம்பனை அடுத்த சின்னப்பாலம் முதலிய ஊர்களில் கடற்பாசி சேகரிக்கும் பெண்கள், மாதத்தில் 12 நாட்களுக்குமேல் பாசி எடுப்பதில்லை என்று தங்களுக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். அவர்களில் ஒருவராகிய லட்சுமி மூர்த்திக்கு 2015-ஆம் ஆண்டில் "சீகாலஜி" என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது. வயிற்றுக்கும் கடலுக்கும் நடுவே நியாயமாகப் பாகம் பிரித்த அப்பெண்களின் அறிவை என்னென்பது!

சுக்கான் பிடித்த கைகள்

படகு ஆணுக்குரியது, கரை பெண்ணுக்குரியது என்று பொதுவாக நினைக்கிறோம். மேட்டூர் அணையில் பரிசலில் மீன் பிடிப்பவர்களைப் பாருங்கள். கணவன் வலை விட, மனைவி துடுப்புப் போடுவது அங்கே சர்வ சாதாரணம். கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்துச் சேற்றுவாவைச் சேர்ந்த ரேகா என்ற அம்மையார் தம் கணவர் கார்த்திகேயனோடு ஆழ்கடலுக்குப் போய் மீன் பிடிக்கிறார். அதற்குரிய உரிமம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று 2017-ஆம் ஆண்டில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அவரைக் கௌரவித்தார்கள்.

நம் புதுச்சேரிப் பெண்ணாகிய ரூபா அழகிரிசாமியும், கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும், கடற்படையின் "தாரிணி" என்ற 56 அடிப் பாய்ப்படகில் 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2025-ஆம் ஆண்டு மே 29-ஆம் தேதி திரும்பினார்கள். எட்டு மாதத்தில் சுமார் 25,000 கடல்மைல்களுக்கு மேல் கடந்தார்கள். நடுவே நான்கு துறைமுகங்களில் மட்டும் தங்கினார்கள். அந்த நாட்களில் பெரும்பகுதி வேடிக்கை பார்ப்பதில் கழியவில்லை; கயிறும் பாயும் கருவியும் பழுது பார்ப்பதிலேயே கழிந்தது. மடியில் வள்ளத்துக் காசை முடிந்து வைத்த அந்த மூதாட்டிக்கு இதைச் சொன்னால், "அது இல்லாம எப்படிம்மா?" என்றுதான் கேட்பார்.

வறண்ட சீமைக்கு ஒரு பாடம்

இவ்வளவையும் கரிசல் காட்டில் உட்கார்ந்து ஏன் படிக்க வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கடற்கரையார் அஞ்சி விலகும் அதே வாடை மழையைத்தான் நாம் கைகூப்பி வரவேற்கிறோம். அவர்களுக்கு வள்ளம் எப்படியோ, நமக்குக் கண்மாய் அப்படி. மழைக்கு முன்னால் கரையைப் பலப்படுத்தி, மடையைச் சோதித்து, வரத்துக்காலைத் தூர் வாரி, கலுங்கைச் சரிபார்க்கும் குடிமராமத்து என்ற ஏற்பாடு நம் ஊர்களில் இருந்தது. உருட்டுக் கட்டைமேல் வள்ளம் இழுக்க ஊரார் பத்துப் பேர் வருவது போல, கண்மாய்க் கரைக்கு வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வந்தார்கள். வருவது நின்றபோது வரத்துக்காலும் நின்றது. பெய்த மழை குண்டாற்று வழியே ஓடிக் கடலுக்குப் போகிறது. மாசியில் நாம் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கிறோம்.

வள்ளக்காரர் தம் பலகையின் இடுக்கு ஒவ்வொன்றையும் விரலால் தடவி அறிவார். நம் ஊர்க் கண்மாயின் மடை எத்தனை, அவற்றில் அடைபட்டவை எத்தனை என்று நம்மில் எவ்வளவு பேருக்குத் தெரியும்? மேல்நிலை வகுப்பு மாணவர்களிடம் இக்கேள்வியைப் போட்டுப் பார்த்தோம். முப்பத்தெட்டுப் பேரில் நால்வர் சொன்னார்கள். அந்நால்வரில் மூவர் ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைகள்.

நேயர்கள் இந்தப் புரட்டாசியில் ஒரு நாள் ஒழித்துக்கொண்டு, குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, கடற்கரைக்குப் போய் வரட்டும். அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு காலைப் பொழுதுப் பிரயாணம்தான். கரையேறிய வள்ளம் ஒன்றைக் கண்டால், இடுக்கில் அடைத்த பஞ்சைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பி வரும் வழியில் உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தி, மடைகளை அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். ஐப்பசி பிறக்க அப்போது இன்னும் சில நாட்கள் இருக்கும்.